புகை ஆகாது

கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் எங்கள் அப்பாவுடையது. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, டயர் மாற்ற மலைப்பாதையில் இறங்கியவர் சறுக்கி விழுந்து இடது கணுக்காலை முறித்துக்கொண்டார். தேனியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். கிளட்ச் மிதிக்கிற கால். அது சரியானால்தான் ஜீப்.

நான்கு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கவில்லை. முறிந்த இடத்தில் கறுப்புக்கோடு அப்படியே கிடந்தது.

“புகை மட்டும் ஆகவே ஆகாது. எலும்பைக் கூடவிடாது” என்றார் டாக்டர். அதற்கு மேல் விளக்க அவருக்கு நேரமில்லை.

கோயிலில் நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மையன்று மாதா மேல் சத்தியம் செய்து அப்பா பீடியை விட்டிருந்தார். ஆகவே புகை என்றால் அடுப்புப் புகைதான் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே எழவில்லை. விறகடுப்பு கொல்லைக்குப் போனது. சாம்பிராணி நின்றது. கொசுவத்தியும் நின்றதால் சொறிந்துகொண்டே ஜெபமாலை சொன்னோம். சாரலில் தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு அம்மா ஆட்டுக்கால் சூப்பு வைப்பதை, அப்பா கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

சத்தியத்தின் உண்மை நிலவரம் எனக்கு மட்டும் தெரியும். பீடிக்கட்டு வாங்கி வருபவளே நான்தான். “ஆத்தா, அம்மாட்ட சொல்லிறாத” என்பார். அண்ணனை நம்பாமல் என்னை நம்பினாரே என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அடுத்த எக்ஸ்ரேயிலும் அதே கோடு. பீடி, சிகரெட் உண்டா என்று இந்தமுறை டாக்டர் நேராகவே கேட்டார். அப்பா வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“அவுக அதத் தொட்டே ரெண்டு வருசமாச்சு சார். அடுப்பக்கூட வெளிய தூக்கிப் போட்டுட்டேன்.”

டாக்டர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு பாப்பா, அப்பா பீடி குடிக்கிறாரா?”

சத்தியம் மீறியது அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் என் பயமெல்லாம். “இல்ல சார்” என்றேன். அப்பாவின் கை என் தலையில் வந்து படிந்தது. வரும் வழியில் திராட்சை ஜூஸ் வாங்கித் தந்தார்.

இடுப்பெலும்பில் கொஞ்சம் வெட்டி எடுத்து முறிவில் வைத்துப் பார்த்தும் அது கூடவில்லை. ஜீப்பை விற்றார்கள். வாய்வழியே போகிற புகைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.