ஜோசலின் தொடாமல் விட்ட பிரிண்டர்

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஏழு பிரிண்டர்கள் இருக்கின்றன. ஏழும் ஓடாது. உதிரி பாகங்களுக்காக என் தங்கை ஜோசலின் சேர்த்து வைத்தவை. இரும்புலியூரில் எங்களுக்கு இரண்டே அறை. பெருக்கும்போது துடைப்பம் முட்டாத நாளில்லை. நான் முணுமுணுத்தால், "அக்கா, ஒண்ணு தரேன், உன் தலைமாட்டுல வெச்சுக்கோ" என்பாள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஜோசலின் என்னைவிட எட்டு வயது இளையவள், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தாள். படிப்பு முடிந்ததும் குரோம்பேட்டையில் பிரிண்டர் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கிடைத்தது போன் நாற்காலி. வாடிக்கையாளர் கூப்பிட்டால் எடுத்து, "பிளக்கைப் பிடுங்கிட்டு மறுபடி சொருகுங்க சார்" என்று சொல்ல வேண்டும். ஐந்து வருடம் அதைச் சொன்னாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பட்டறைக்குள் போய், செத்துப்போன மிஷின்களைத் திறந்து பார்ப்பாள். அங்கிருந்த பையன்கள் கேலி செய்துகொண்டே கற்றுக்கொடுத்தார்கள்.

ஒரு மழை நாளில் பையன்கள் யாரும் வரவில்லை. பெரும்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹால் டிக்கெட் அச்சடிக்க முடியாமல் நிற்கிறார்கள் என்று போன் மேல் போன். ஜோசலின் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய், இரண்டு மணி நேரத்தில் சரி செய்துவிட்டு வந்தாள். மறுநாள் மேனேஜர் அவளை மறுபடி அதே நாற்காலியில் உட்கார வைத்தார். "போன் எடுக்கறதுக்குப் பொண்ணு குரல் வேணும்மா, கஸ்டமர் இடத்துக்குப் போறதுக்குப் பையன்தான் சரி" என்றாராம். அதன் பிறகும் ஒரு வருடம் பொறுத்தாள். போன ஜூன் மாதம் வேலையை விட்டுவிட்டு, பழைய ஸ்கூட்டர் ஒன்றில் தனியாகக் கிளம்பினாள்.

தனியாகக் கிளம்பிய பிறகு, வருடம் முழுக்க எங்கள் மிஷினை நீயே பார்த்துக்கொள் என்று அவளை நம்பிக் கொடுத்த முதல் இடம் மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் நூர் டிராவல்ஸ். அப்துல் ரசாக் என்பவர் நடத்துகிறார். மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போகும் குழுக்களை அனுப்பி வைப்பது அவர் தொழில். அவர் மனைவி ஜஹீராதான் கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட், விசா நகல், கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை எல்லாம் அச்சடிப்பார். வயர் எதுவும் காலில் தட்டக்கூடாது என்று அவர் சொன்னதால், ஜோசலின் வைஃபையில் ஓடும் புது பிரிண்டராகப் பார்த்து வாங்கிக் கொடுத்தாள்.

அந்தப் புது பிரிண்டர்தான் மூன்று வாரத்தில் ஐந்து முறை நின்றது. மிஷின் நன்றாகவே இருக்கும், விளக்கு எரியும். ஆனால் கம்ப்யூட்டரில் பார்த்தால் 'பிரிண்டர் இணைப்பில் இல்லை' என்று வரும். ஜோசலின் போவாள், சரி செய்வாள், அவள் கண் முன்னால் பத்துப் பக்கம் அடிக்கும். நாலைந்து நாளில் மறுபடி போன் வரும். சும்மா இருந்தால் பிரிண்டர் தானே தூங்கப்போகும் வசதியை நிறுத்திப் பார்த்தாள். பிரிண்டருக்கென்று ரூட்டரில் ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி வைத்தாள். சிக்னலை மறைக்கிறதோ என்று இரும்பு பீரோவை நகர்த்தினாள். பீரோவின் மறுமுனையைப் பிடித்தவள் நான். எதற்கும் அது மசியவில்லை.

ஐந்தாவது முறை ரசாக் பாய் பொறுமை இழந்தார். "ஞாயித்துக்கிழமை காலையில நாப்பத்திரண்டு பேரு ஏர்போர்ட்டுக்குப் போறாங்கம்மா. சனிக்கிழமை அட்டை எல்லாம் அடிச்சாகணும். அன்னைக்கும் நின்னுதுன்னா நான் கம்பெனி ஆளுங்களையே கூப்ட்டுக்கறேன், தப்பா நெனைச்சுக்காத" என்றார்.

அதே வாரத்தில் பழைய மேனேஜரும் போன் செய்தார். போன் நாற்காலி காலியாக இருக்கிறது, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல் என்று. மார்க்கெட்டில் ஒரு கடையில் பேர் கெட்டால் பத்துக் கடையில் கெடும் என்பது ஜோசலினுக்குத் தெரியும். "அக்கா, இதுவும் கையவிட்டுப் போச்சுன்னா நான் அந்த சீட்டுக்கே போயிடறேன்" என்றாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் தன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எந்த இடத்துக்குப் போனாலும் தேதி, போன் வந்த நேரம், முதலில் என்ன செய்தாள், பிறகு என்ன செய்தாள் என்று கோடு போட்டு எழுதுவாள். பிரிண்டர் தன்னைப் பற்றித் தானே அடித்துக் கொடுக்கும் விவரத் தாளையும் ஒட்டி வைப்பாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"அக்கா, இத பாரேன். அஞ்சு தடவையும் மதியம் ரெண்டு மணியை ஒட்டித்தான் போன் வந்திருக்கு. காலையில ஒரு தடவைகூட இல்ல."

"வெயிலோ என்னவோ."

"வெயிலாம். இதையும் பாரு. முதல்ல என்ன செஞ்சேன்ங்கற இடத்துல அஞ்சு தடவையும் ஒரே வார்த்தைதான் எழுதியிருக்கேன். அணைச்சுப் போட்டேன், அணைச்சுப் போட்டேன். அஞ்சு வருஷம் போன்ல சொல்லிச் சொல்லி எனக்கே அது பழக்கமாயிடுச்சு. நின்னு போனப்போ அது எந்த நெலமையில இருந்துச்சுன்னு நான் பாக்கவே இல்ல. பாக்கறதுக்கு முன்னாடி நானே அழிச்சிருக்கேன்."

உடனே ஜஹீராவுக்குப் போன் போட்டாள். "அக்கா, நாளைக்கு நின்னா யாரும் ஸ்விட்சத் தொடாதீங்க. நான் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஒன்று ஐம்பத்தைந்துக்கு ஜஹீராவின் போன் வந்தது. நானும் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜஹீரா பிரிண்டருக்கு முன்னால் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார். ரசாக் பாய் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வாம்மா ஜோசலின், வந்து இவருகிட்ட நீயே சொல்லு. பத்து நிமிஷத்துல நாலு தடவை கை நீட்டிட்டாரு."

"அணைச்சுப் போட்டா ஓடும்மா, எனக்கே தெரியுமே" என்றார் ரசாக் பாய்.

"ஓடும் அண்ணா. நாளைக்கு நிக்கும்."

ஜோசலின் பிரிண்டரின் பொத்தானை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தாள். விவரத் தாள் வெளியே வந்தது. அதை நோட்டில் ஒட்டியிருந்த, புதன்கிழமை சரி செய்து நன்றாக ஓடியபோது எடுத்த தாளின் பக்கத்தில் வைத்தாள். ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினாள். வைஃபை பெயர் இரண்டிலும் 'நூர் 786'. சிக்னல் இரண்டிலும் நன்று. அதற்குக் கீழே பிரிண்டரின் நெட்வொர்க் முகவரி. நான்கு எண்களில் மூன்றாவது எண் புதன்கிழமை தாளில் ஒன்று, இன்றைய தாளில் பூஜ்யம்.

"நம்ம ரூட்டர் இந்த நம்பரைக் கொடுக்கவே கொடுக்காது" என்றாள். "அண்ணா, இங்க வேற ரூட்டர் இருக்கா?"

"எனக்கு எதுக்கும்மா ரெண்டு? இருக்கறது ஒண்ணு."

ஜோசலின் உள்ளே போய் அந்த ஒரு ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். விளக்குகள் அணைந்தன. தன் போனை எடுத்து எங்கள் முன்னால் நீட்டினாள். 'நூர் 786' இன்னும் அங்கேயே இருந்தது.

ரசாக் பாய் பிளக்கைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "இன்னாம்மா இது, கரண்டே இல்லாம வருது?"

அவள் போனைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு நடந்தாள். சிக்னல் குறைந்தது. திரும்பிப் படிக்கட்டுப் பக்கம் வந்தாள், கூடியது. படியேறினாள். நான் பின்னால் போனேன். மாடியில் ஸ்கூல் பேக்கும் யூனிஃபார்மும் விற்கிற கடை. ரசாக் பாயின் தம்பி யாசீனுடையது. அப்பாவின் கடையை அண்ணன் தம்பி இருவரும் பிரித்துக்கொண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. கீழ்த்தளம் அண்ணனுக்கு, மாடி தம்பிக்கு. பிரித்த நாளிலிருந்து இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை, ஜஹீராதான் நடுவில் சேதி கொண்டுபோவார் என்று எனக்குப் பிறகு தெரிந்தது.

யாசீனின் கல்லாவுக்கு மேலே ஒரு ரூட்டர் பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, உங்க வைஃபை பேரு என்ன?" என்று கேட்டாள் ஜோசலின்.

"நூர் 786."

"பாஸ்வேர்டும் கீழ இருக்கறதேதானா?"

"ஆமாம்மா. வூட்டுல எல்லார் போன்லயும் அதான் போட்டுகீது. புதுசா ஒண்ணு வெச்சா ஒவ்வொருத்தரும் என்கிட்ட வந்து கேப்பாங்க. எதுக்கு பேஜாருன்னு அதையே வெச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க வாப்பா வெச்ச பேரும்மா அது. கடைய பிரிச்சா பேரு எனக்கு இல்லாம பூடுமா?" என்றார்.

ஜோசலின் ஒரு பையின் விலை அட்டையைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினாள். ரசாக் பாய் மதியத் தொழுகைக்குப் போகும்போது, அவருடைய அப்பா காலத்துப் பழக்கப்படி, கீழ்க்கடையின் மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டுத்தான் பூட்டுவார். திரும்பி வந்து போட்டதும் பிரிண்டர் அரை நிமிடத்தில் விழித்துக்கொள்ளும். ரூட்டர் எழுந்திருக்க இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் பிரிண்டர் தனக்குத் தெரிந்த பெயரைத் தேடும். மாடியில் அதே பெயர், அதே பாஸ்வேர்டு, தயாராக இருக்கிறது. அதோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அணைத்துப் போட்டால், அதற்குள் எழுந்துவிட்ட கீழ் ரூட்டரைப் பிடித்துக்கொள்ளும். காலையில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் யாசீன் கடையைத் திறப்பதே பதினோரு மணிக்கு. மதியத்துக்கு மேல் அச்சடிக்கிற நாளில்தான் அது வெளியே தெரிந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. ரசாக் பாய் மேலே வந்து நின்றார். மொத்தத்தையும் கேட்டிருக்கிறார் போல.

"அப்ப மூணு வாரமா என் பிரிண்டரு இவன் வூட்டுல குடியிருந்துதா?"

"வாடகை கேட்டனா?" என்றார் யாசீன்.

கீழே இருந்து ஜஹீராவின் சிரிப்புதான் முதலில் வந்தது. ரசாக் பாய் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, "பேரை நீ மாத்து" என்றார். "நீ மாத்து" என்றார் யாசீன். சிரிப்பு அதோடு நின்றுவிடும் போலிருந்தது.

"ரெண்டு பேரும் மாத்த வேணாம்" என்றாள் ஜோசலின்.

கீழே இருக்கும் ரூட்டர் இரண்டு வித அலைகளில் வைஃபை கொடுக்கும் வகை. ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தார்கள். பிரிண்டருக்கு மெதுவான அலை மட்டுமே பிடிபடும். அந்த மெதுவான அலைக்கு மட்டும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு வைத்தாள். பிரிண்டரை அதில் சேர்த்து, பழைய பெயரை அதன் நினைவிலிருந்து நீக்கினாள். கம்ப்யூட்டர் வேகமான அலையிலேயே, 'நூர் 786' என்றே இருந்தது. மாடியில் யாசீனின் ரூட்டரை அவள் தொடவே இல்லை.

"இப்ப அடிச்சுப் பாக்கலாமா?" என்று ஜஹீரா அவசரப்பட்டார்.

"இப்ப அடிக்கும்க்கா. அது பெருசில்ல. அண்ணா, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் போறப்பவும் மதியம் மாதிரியே மெயினை அணைச்சுட்டுப் போங்க. வந்து நீங்களே போடுங்க."

நாலு மணிக்குக் கடையைப் பூட்டினார்கள். நாங்கள் மூன்று பெண்களும் வெளியே படியில் உட்கார்ந்தோம். ஜோசலின் நகத்தைக் கடித்தாள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றுதான் அவள் நகம் கடித்துப் பார்த்திருக்கிறேன்.

நாலே முக்காலுக்கு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டே வந்தார்கள். யாசீன் கையில் டீ பிளாஸ்க், மேலே கவிழ்த்த பேப்பர் கப்புகள். ரசாக் பாய் ஷட்டரைத் தூக்கி, மெயினைப் போட்டார். பிரிண்டர் அரை நிமிடத்தில் உறுமி எழுந்தது. அதன் நீல விளக்கு மினுக்கத் தொடங்கியது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம். ஒன்றரை. விளக்கு இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்தது. மாடியில் ரூட்டர் கூப்பிடும் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, பிரிண்டர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு நிமிடம் பத்து நொடியில் நீல விளக்கு மினுக்காமல் நின்று எரிந்தது.

"அடிங்கக்கா" என்றாள் ஜோசலின்.

முதல் அட்டை வந்தது. இரண்டாவது வந்தது. ஏழாவதில் ரசாக் பாய், "இன்னும் ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாப்போமா?" என்று கேட்டார். ஜஹீரா அவரை முறைத்தார். "போடட்டும்க்கா" என்றாள் ஜோசலின். போட்டார். இரண்டு நிமிடம் கழித்து எட்டாவது அட்டை வந்தது.

அவள் அங்கேயே நின்றபடி மேனேஜருக்குப் போன் செய்தாள். "சார், அந்த போன் சீட்டுக்கு நான் வரல... இல்ல சார், யோசிச்சுட்டுத்தான் சொல்றேன்... வெளிய போய் வேலை பாக்கற டெக்னீஷியன் இடம் காலியானா சொல்லுங்க, அப்பவும் வருவேனான்னு தெரியாது, ஆனா சொல்லுங்க." அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவள் போனை வைத்தபோது முகம் சிவந்திருந்தது.

"ஏம்மா" என்றார் யாசீன், அவளிடம் டீயை நீட்டிக்கொண்டே. "மேல ஒரு லேபிள் பிரிண்டர் கீது. பத்து நாளா எல்லாம் கோணலாவே அடிக்குது. பாக்கறியா?"

அவள் டீயை இரண்டு மடக்கில் குடித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினாள். நான் கீழேயே இருந்து, வந்து விழுந்த அட்டைகளை ஜஹீராவோடு சேர்ந்து ஒவ்வொன்றாகக் கயிற்றில் கோர்க்க ஆரம்பித்தேன். நாற்பத்திரண்டும் சரியாக இருந்தன. ஒன்றில்கூட மை தீற்றியிருக்கவில்லை.