தூக்க முடியாத கல்

எம்.ஏ. தத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது சாமளாபுரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அந்த செமஸ்டரில் எனக்குச் சமயத் தத்துவம் ஒரு பாடம். கேட்டால் பி.காம். என்று சொல்லிவிடு என்று அம்மா கெஞ்சியிருந்தாள். எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் வீட்டை ஒட்டித்தான் பனியன் துணி பின்னும் அப்பாவின் நிட்டிங் யூனிட். மரியாதைக்காக அன்றைக்கு மெஷின்களை நிறுத்தி வைத்திருந்தார். அதனால் நான் பேசியது எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டுவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா விசைத்தறி வைத்திருப்பவர். பஜ்ஜியை எடுத்துக்கொண்டே என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். ஜோசியம் மாதிரியா என்றார். இல்லை, கடவுள் உண்டா, உண்டென்றால் எப்படிப்பட்டவர் என்று யோசிக்கிற படிப்பு என்றேன். ஓர் உதாரணம் சொல்லச் சொன்னார். அம்மா கண்ணைக் காட்டினாள். நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

"கடவுளால எல்லாம் முடியும்ங்கறோம். அவராலயே தூக்க முடியாத ஒரு கல்லை அவரு செய்ய முடியுங்களா?"

"தாராளமாச் செய்வாரு."

"அப்ப அதைத் தூக்க முடியாதுங்களே."

பஜ்ஜி வாய்க்குப் போகாமல் நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு, அவருக்கு வேறு வேலையில்லையா, செய்யவே மாட்டார் என்றார். மாட்டார் வேறு, முடியாது வேறு என்றேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். முருகனைப் பற்றி இப்படியா பேசுவது என்று அவர் மனைவி முகம் சுளித்தார். மாப்பிள்ளை போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். நானும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவர்கள் கிளம்பும்போது விளக்குப் போட்டாகிவிட்டது.

பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் வீட்டுக்கு இப்படி ஒருத்தர் போதும் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டதாகத் தரகர் வந்து சொன்னார். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். எனக்கும் வருத்தம்தான், கல்லைப் பற்றிய பேச்சு பாதியில் நின்றுபோனதில்.

சில நாள் கழித்து மாப்பிள்ளையின் அப்பா என் அப்பாவுக்கு போன் செய்தார். சம்பந்தம் திரும்பி வருகிறதென்று அப்பா எழுந்து நின்றே பேசினார். பிறகு முகம் மாறி, போனை என்னிடம் நீட்டினார்.

"கண்ணு, கல்லைச் செஞ்சுபோட்டு, அப்பறமா அவரு பலத்தைக் கூட்டிக்கிட்டா?"

"அப்ப அது தூக்க முடியாத கல் இல்லீங்களே."

யோசித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிட்டார், பரீட்சை முடியும் வரைக்கும்.

அவர் மகனுக்கு வேறிடத்தில் அமைந்தது. கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார். மண்டப வாசலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் பன்னீர்ச் செம்பை யார் கையிலோ கொடுத்துவிட்டுத் தன் சகலையைக் கூட்டிவந்தார்.

"இவரு கடவுளே இல்லைங்கறாரு. கேளு கண்ணு."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னைப் பந்திக்கு இழுத்துப் போய்விட்டாள்.