தெற்கிலிருந்து நாற்பது பாகை

என் பள்ளிக்கால ஜாமெட்ரி பாக்ஸில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது கோணமானி மட்டும்தான். பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு மூலை உடைந்து, அடிக்கோட்டு நடுவிலுள்ள சின்ன ஓட்டையில் ஒரு துண்டு நூலோடு கிடக்கிறது. அந்த நூலைக் கட்டியவள் என் அம்மா. நூல் நுனியில் ஒரு நட்டும் தொங்கியது. அதை உப்புக்காற்று தின்றுவிட்டது. போர்ட் பிளேரில் இரும்புக்கு ஆயுசு கம்மி. போன வாரம் ஒரு காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில், எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அந்தக் கோணமானியைத் தேடி எடுத்தேன்.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து போர்ட் பிளேரின் டாலிகஞ்ச் பகுதியில் நாங்கள் குடியேறியபோது நான் ஆறாம் வகுப்பு. அப்பாவுக்குப் பாராடாங் தீவில் சாலை வேலை. ஃபெர்ரியும் பஸ்ஸும் பிடித்து அவர் வீடு வந்து சேர்வதே அபூர்வம். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த சூட்டோடு இந்தியை நான் பிடித்துக்கொண்டேன். அம்மாவுக்கு அது வாயில் நுழையவில்லை. ஒரு பக்கம் வங்காளி வீடு, மறுபக்கம் தெலுங்கு வீடு. இரண்டு வீட்டுப் பெண்களும் வேலிக்கு மேலே இந்தியில் பேசிச் சிரிப்பார்கள். அம்மா கைவசம் இருந்தது 'அச்சா' ஒன்றுதான். மீன்காரர் விலை சொன்னாலும் அச்சா, மழை வருகிறது என்றாலும் அச்சா. வங்காளி வீட்டுக்காரம்மா ஒருநாள் தன் தாயார் இறந்துபோன செய்தியைச் சொன்னபோதும் அம்மா முகம் நிறையச் சிரித்து அச்சா என்றுவிட்டாள். நான் வந்து அர்த்தம் சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு வாசல் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டாள்.

எங்கள் தெருவுக்குக் கேபிள் வராத காலம் அது. அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் அப்பா கூடை மாதிரி பெரிய டிஷ் ஒன்றைக் கப்பலில் வரவழைத்தார். ஊரில் கேபிள் நடத்திய அவருடைய சிநேகிதர் போனில் வழி சொன்னார்: சாட்டிலைட் இலங்கைக்குக் கீழே, கடலுக்கு மேலே நிற்கிறது, டிஷ்ஷைத் தென்கிழக்காகச் சாய்த்து வை. வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் சிமெண்டுத் தரையில் கம்பம் நட்டு, சிநேகிதர் சொன்னபடியே அப்பா சாய்த்து வைத்தார். டிவியில் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் வந்தது. லீவு முடிகிற சாயங்காலம் வரை மல்லுக்கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இதுவும் வரலேன்னா அடுத்த கப்பல்ல என்னை ஏத்தி விட்டுருங்க" என்றாள் அம்மா. "ஒரு தமிழ்ச் சத்தம் இல்லாம எனக்குப் பைத்தியம் பிடிச்சுரும்."

"பிள்ளை?" என்றார் அப்பா.

"அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. பாஷையும் வந்துருச்சு. அவ உங்களோட இருக்கட்டும்."

அடுத்த அறையில் நான் வீட்டுப்பாடத்துக்குக் கோணம் வரைந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு என் செங்கோணம் தொண்ணூறில் நிற்கவில்லை. அம்மா இல்லாத வீட்டில் நான் மட்டும் சோறு போட்டுச் சாப்பிடுவது மாதிரி நினைத்துப் பார்த்தேன்.

அப்பா பாராடாங் போன மறுநாளே அம்மா என் கோணமானியைக் கேட்டு வாங்கினாள். டிஷ்ஷின் விளிம்புக்குக் குறுக்கே ஒரு கம்பை வைத்து, அதன்மேல் கோணமானியைப் பிடித்தால், நட்டு கட்டிய நூல் சாய்வு எவ்வளவு என்று காட்டும். வீட்டின் பக்கச் சுவர் வடக்கு தெற்காக ஓடியதால் திசைக்கும் சிரமமில்லை. தினமும் சமையல் முடிந்ததும் அம்மா டிஷ்ஷைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவாள். நான் டிவி முன்னால் நின்று ஜன்னல் வழியாக, "இல்லம்மா, இல்லம்மா" என்று கத்துவேன். தென்கிழக்கு மூலையில் அவள் துழாவாத இடம் பாக்கியில்லை. ஒவ்வொரு 'இல்லம்மா'வுக்கும் கப்பல் ஒரு முழம் கிட்டே வருவதாக எனக்குப் பட்டது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அம்மா என் அட்லஸைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஊர் இருக்கும் இடத்தைத் தடவிப் பார்ப்பது அவள் வழக்கம். அன்று விரல் இலங்கைக்குக் கீழே இறங்கிக் கடலில் நின்றது. அங்கிருந்து எங்கள் தீவுப் புள்ளிகளைப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடியே, அது நம்ம ஊருக்குத்தான் கிழக்கு. நாம அதையும் தாண்டில்ல இங்க வந்து கெடக்கோம்!"

போர்ட் பிளேர் புள்ளிமேல் கோணமானியை வைத்தாள். தெற்கிலிருந்து மேற்காக நாற்பது பாகை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையிலேயே இறங்கினாள். சிமெண்டில் ஆணியால் ஒரு கோடு கீறி, டிஷ்ஷை அந்தக் கோட்டுக்கு நேராகத் திருப்பி, மேலும் கீழுமாக அசைத்தாள். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தமிழில் சோப்பு விளம்பரம் சொல்லிற்று. நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடி வந்தாள். ஈரப் புடவையோடு நின்று, சோப்பு விளம்பரத்தைப் பார்த்து அழுதாள். நானும் அழுதேன். அவள் இனிமேல் கப்பலேற மாட்டாள் என்ற நிம்மதியில் அழுதேன்.

அடுத்த முறை வந்த அப்பா, டிஷ் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, பையைக்கூட இறக்காமல் அதைத் தென்கிழக்குக்கே திருப்பிவைத்தார். உள்ளே நாடகம் பாதியில் நின்றது. கரண்டியோடு வெளியே வந்த அம்மாவைப் பார்த்த பிறகு, அதில் அவர் கைவைத்ததே இல்லை. அதற்குப் பின் காற்று டிஷ்ஷைத் திருப்பும்போதெல்லாம் அம்மா கோட்டுக்கு நேராக வைத்துவிடுவாள். வீட்டுக்குள் தமிழ் ஓடிக்கொண்டிருந்த தைரியத்தில் அவள் மெல்ல வேலியோரம் போய் நிற்க ஆரம்பித்தாள். சில வருஷங்களில் மீன்காரரோடு இந்தியில் அவள் போடும் சண்டையை வேடிக்கை பார்க்கவே ஆள் கூடியது.

இப்போது அப்பா இல்லை. ஊரில் பெரியம்மா படுக்கையில் விழுந்ததும், ஒரு மாதத்தில் வருகிறேன் என்று அம்மா மெயின்லேண்ட் போனாள். வருஷங்கள் ஓடிவிட்டன. நான் இங்கே ஆபீஸ் போய் வந்து, ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறேன். போனில் அவள் பின்னால் எப்போதும் இந்தி நாடகம் அலறும்.

"யாருக்கும்மா அது?"

"எனக்குத்தான். ரெண்டு வார்த்தை இந்தியில சண்டை போட இங்க ஒரு நாதியில்ல. அடுத்த கப்பல்ல ஏறிருவேன், பாரு."

"வாம்மா" என்பேன். பெரியம்மாவை விட்டு வர முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

காற்று ஓய்ந்த அன்று பின்பக்கம் போய்ப் பார்த்தேன். துருப்பிடித்த டிஷ் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது. கோணமானியை வைத்து அளந்து, பாசியைச் சுரண்டிக் கோட்டைக் கண்டுபிடித்து, திருப்பி வைத்தேன். சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்.

"கேபிள் வந்து எவ்வளவு காலமாச்சு! அதைப் போய் எதுக்குடி திருப்புன?"

"சும்மாதாம்மா."

அவள் பின்னால் இந்தி நாடகத்தின் சத்தம் குறைந்தது.

"கோட்டுக்கு நேரா வச்சியா?" என்றாள்.