பிளாரன்ஸ் ஏசிய பல்

தருவைகுளத்துப் பிளாரன்ஸ் வாயைத் திறந்தால் கேட்கிறவர் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். எழுபத்திரண்டாம் வருஷம் அவள் புருஷன் ரோச் சங்கு குளிக்கப் போனான். கடலில் முங்கியவன் மேலே வரவில்லை. கூடப்போன இஞ்ஞாசி மறுபடி மறுபடி முங்கித் தேடியும் பிணம் கிடைக்கவில்லை. அவன் கையில் அகப்பட்டது ஒரு பல்தான். முக்கால் முழ நீளம், கன்னங்கரேலென்று, கல்லாய்க் கனத்தது.

"இந்தப் பல்லுக்காரன்தான் மைனி அண்ணன முழுங்கியிருக்கான்" என்று அழுதுகொண்டே அதை அவள் முன்னால் வைத்தான்.

வேறொருத்தியாக இருந்தால் கடலிலேயே வீசியிருப்பாள். பிளாரன்ஸ் அதை வாசலில் போட்டுக்கொண்டாள். காலையில் எழுந்ததும் அதற்கு ஏச்சு, மீன் விற்று வந்ததும் ஏச்சு. "ஏலே கொள்ளையில போவான், அந்த மனுசன் உனக்கு என்னல செஞ்சாரு?" ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். அழுவதற்கு ஒரு கல்லறைகூட இல்லாதவளுக்கு ஏசவாவது ஒருத்தன் இருந்தான். அந்தத் தெம்பில்தான் அவள் நடமாடினாள்.

இரண்டு வருஷம் கழித்து, பல்லைப் பற்றிக் கேள்விப்பட்டு மதராஸிலிருந்து சுந்தரராஜ் என்ற ஆராய்ச்சிக்காரர் வந்தார். நல்ல மனுஷர்தான். பல்லைத் தூக்கிச் சந்தோஷத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, இது எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு மூத்த சாதி. பெரிய பெரிய மீனையெல்லாம் கடிச்சே தின்னது. அந்த வம்சமே அழிஞ்சுபோச்சு. பல்லு கல்லாவே மாறிடுச்சு, பாருங்க."

"எப்போ அழிஞ்சுது?"

"மனுஷன் பிறக்கிறதுக்கு எத்தனையோ லட்சம் வருஷம் முந்தி."

பிளாரன்ஸ் பல்லைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ எங்க வீட்டுக்காரர இது திங்கலயா?"

"இல்லம்மா. இது மனுஷனையே பார்த்ததில்ல."

"பொறவு யாருய்யா கொண்டு போனா?"

நீரோட்டமாக இருக்கலாம், மூச்சு முட்டியிருக்கலாம் என்று படித்தவர் ஏதோ சொன்னார். நீரோட்டத்தை எங்கே நிறுத்தி வைத்து ஏசுவது? பாவம், அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நீரே கொண்டு போம்யா" என்று பல்லை அவரிடமே கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை வாசலுக்கு வந்தாள். பழக்கதோஷத்தில் வாய் தன்னால் திறந்தது. எதிரே வெறும் மண்தான் கிடந்தது. ஊரையெல்லாம் ஏசியவள், இருந்த காலத்தில் ரோச்சை ஒரு சொல் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு ஆக்னஸ் கேட்டுக்கொண்டிருக்க, அன்றைக்கு அவனை ஏசினாள்.

"பாவி மனுசா, சொல்லாம கொள்ளாம எங்கன போனீரு? பொதைக்கதுக்கு ஒரு வெரலயாவது விட்டுட்டுப் போயிருக்கப்படாதா?"