மழையில் அடுக்கிய கற்கள்

நடுவட்டத்தில் தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் தகரக் கூரையின் மேல் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது; காதருகே குனிந்து கத்தித்தான் பேசிக்கொள்வோம். எனக்கு எட்டு வயதான ஆண்டின் மழையில் மட்டும் எங்கள் வீட்டில் யாரும் கத்தவில்லை. தவழத் தொடங்கியிருந்த என் தம்பி முருகேசு, மழைக்குச் சற்று முன்புதான் காய்ச்சலில் இறந்துபோயிருந்தான்.

அப்பா தேயிலை எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் ‘ரைட்டர்’. வெள்ளைக்கார துரை அவருக்குக் கொடுத்தது ஒரே ஒரு நாள் ‘லீவு’. தோட்டத்துச் சரிவில், ஓடைக்கு மேலே பிள்ளையைப் புதைத்துவிட்டு மறுநாளே மேஜைக்குப் போய்விட்டார். வீட்டில் அவன் பெயரை எடுக்க விடமாட்டார். அது கல்நெஞ்சம் அல்ல, பயம் என்று இப்போது தெரிகிறது. ஏனென்றால் அம்மா அழவே இல்லை. பின்கட்டு ஜன்னலருகே நின்று, மூடுபனிக்குள் ஓடை இரைவதையே கேட்டுக்கொண்டிருப்பாள். மழை வலுக்க வலுக்க ஜன்னலை இன்னும் ஒட்டி நிற்பாள்.

அப்பா ஓடைப்பக்கம் திறக்கும் பின்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போகத் தொடங்கினார். “அம்மாவைத் தனியா உட்டுட்டு எங்கீம் போயிராத கண்ணு” என்று என்னிடம் சொன்னார். பள்ளிக்கூடம் போகாமல் அம்மாவின் சேலை அசைகிற சத்தத்தையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்குள் வந்துபோன ஒரே ஆள், வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த மைமூன் அக்காதான். அவர் வீட்டுக்காரர் ரோட்டோரத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். அக்கா ஒரு கிண்ணத்தில் கஞ்சியோடு வருவார், அம்மா பக்கத்தில் சற்று நேரம் உட்காருவார், பதிலே இல்லாவிட்டாலும் மறுநாளும் வருவார்.

ஒரு மத்தியானம் ஈர விறகு பற்றாமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் முன்கதவு திறந்து கிடக்க, பனி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. அம்மாவைக் காணோம்.

வேலியைத் தாண்டி ஓடினேன். “அம்மா இல்ல” என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. மைமூன் அக்கா கடைக்கு ஆளனுப்பி அப்பாவுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, செருப்புகூடப் போடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். முன்னால் இருக்கிற செடி தெரிந்தால் அடுத்த செடி தெரியாத பனி. கூப்பிட்டால் ஓடையின் இரைச்சல் குரலை விழுங்கிவிட்டது. அக்காவின் பிடி இறுகிக்கொண்டே வந்ததில் என் விரல்கள் மரத்துப்போயின.

கடைசிச் செடிவரிசைக்குக் கீழே அம்மா மண்டியிட்டிருந்தாள். தம்பியைப் புதைத்த மேட்டை மழைத்தண்ணீர் அறுத்துக்கொண்டு ஓடியது. அவள் இரண்டு கையாலும் சேற்றை வாரி வாரி அப்பினாள். அப்பியதை மழை கரைத்தது. அவளுக்குப் பின்னால், எட்டினால் தொடுகிற தூரத்தில், ஓடைக்கரை பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது.

அக்கா இழுத்துவருவார் என்றுதான் நினைத்தேன். அவரோ மெல்ல நடந்துபோய், அம்மாவுக்கும் கரைக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

“சேறு நிக்காது அம்மிணி. கல்லு வெக்கலாம்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “பாப்பா, கெடக்கிற கல்லையெல்லாம் எடுத்துத் தா” என்றார்.

கல் பொறுக்கிக் கொடுத்தேன். அவர்கள் மேட்டைச் சுற்றி அடுக்கினார்கள். அப்போதுதான் அம்மா வாய்திறந்தாள். “புள்ள நனையறான் அக்கா. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியல.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல” என்றார் அக்கா.

குடையோடு வழுக்கி வழுக்கி ஓடிவந்த அப்பா, அம்மாவைப் பார்த்ததும் முகம் சிவக்கத் திட்ட வாயெடுத்தார்.

“ஏனுங்க, அப்பறம் பேசிக்கலாம்” என்று மைமூன் அக்கா நிமிராமலே சொன்னார். “எங்களால தூக்க முடியல. அந்தப் பெரிய கல்லைப் புடிங்க.”

அப்பா குடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். அந்தக் கல்லை வைத்த கையோடு அவர் அங்கேயே உட்கார்ந்து, பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுதார். அவர் அழுவதைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சாப்பிடாத நாட்கள் பிறகும் இருந்தன. ஆனால் மைமூன் அக்கா வந்தால் அம்மா முருகேசுவைப் பற்றிப் பேசுவாள். அவன் எதற்கெல்லாம் சிரிப்பான் என்று சொல்வாள். கல்யாணமான புதிதில் கோயமுத்தூரில் பறிகொடுத்த தன் மகளைப் பற்றி அக்கா சொல்வார். “அவ பேரு என்னன்னு இத்தன வருஷத்துல நீ ஒருத்திதான் கேட்ட” என்று அவர் ஒருநாள் சொன்னது நினைவிருக்கிறது. மழை ஓய்ந்தபின் அப்பா பின்கதவைப் பூட்டுவதை நிறுத்தினார். அடுத்த ஆண்டு, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த ‘லைன்’ வீட்டில் கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணின் குழந்தை இறந்தபோது, யாரும் கூப்பிடாமலே அம்மா புறப்பட்டுப் போனாள். சாயங்காலம்வரை அவள் திரும்பவில்லை.

அப்பாவும் அம்மாவும் போய் வெகுகாலமாகிறது. சென்ற ஆண்டு கூடலூர் போகும் வழியில் நடுவட்டத்தில் இறங்கினேன். எங்கள் வீடு நின்ற வரிசையே இல்லை. சரிவைத் திருத்திப் புதுச்செடி நட்டிருக்கிறார்கள். தம்பியைப் புதைத்தது எந்த இடம் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. டீக்கடைக்காரரிடம் மைமூன் அக்கா குடும்பத்தைப் பற்றி விசாரித்தேன். அவருக்குத் தெரியவில்லை.

“உங்களுக்கு என்ன உறவுங்க?” என்று கேட்டார்.

“பக்கத்து ஊடு” என்றேன்.

“அவ்வளவுதானுங்களா?” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளுக்கு டீ ஆற்றத் தொடங்கினார்.