ஒப்பாரி வட்டத்தில் ஒரு போன்

என் தங்கை லிஸ்பனில் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசும்போது, அங்கே கற்ற போர்த்துக்கேயச் சொற்களைச் சொல்வாள். குழந்தை காலை உதைத்து அடம்பிடித்தால் அது 'பிர்ரா'. பெரியவர்கள் ஊரைக் கூட்டி அழுதால் 'ஃபீத்தா'. நாடாவுக்கும் அதே சொல்தானாம். இதற்கெல்லாம் நம்மிடம் 'டிராமா', 'சீன்', 'ஓவர் ஆக்டிங்' என்று இங்கிலீஷ்தான் இருக்கிறது என்றேன்.

"அதெல்லாம் என்னயத் திட்டித்தானே பழகினீங்க" என்று சிரித்தாள்.

அப்பா இறந்தபோது அவளால் வர முடியவில்லை. விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாள். பசறைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். மகள் வந்து அந்த வட்டத்தில் சேர்ந்து ஒப்பாரி சொன்ன பிறகுதான் உடலைத் தூக்குவது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. தப்பு அடிப்பவர்கள் வாசலில் காத்து நின்றார்கள். அத்தை என் போனை வாங்கித் தங்கையை அழைத்தாள்.

திரையில் ஒரு சமையலறை. அடுப்பில் சூப் கொதித்தது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அத்தை, அந்தம்மா பக்கத்து ரூம்ல இருக்காங்க. சத்தம் போட்டா ஃபீத்தான்னு சொல்லுவாங்க."

"சொல்லிட்டுப் போறா. நீ அழாம எங்கண்ணன எப்புடிடி அனுப்புறது?"

அத்தை போனைத் தோளில் சாய்த்து, பக்கத்துப் பெண்ணின் கையை எடுத்து அதன்மேல் போட்டுக்கொண்டாள். வட்டம் மூடியது.

"என்னப் பெத்த அப்பா, ஏர்போட் வாசல்ல நின்னு கையாட்டினீங்களே..."

தங்கைக்கு ஒப்பாரி தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. போனில் குரல் அரை மூச்சு பிந்தித்தான் வந்தது. பெண்கள் அந்த அரை மூச்சுக்குக் காத்திருந்து, அவள் இழுத்த இடத்தில் சேர்ந்து இழுத்தார்கள். ஒருமுறைகூடப் பிசகவில்லை.

திரையின் ஓரத்தில் சுருக்கம் விழுந்த ஒரு கை நீண்டது. அடுப்பை அணைத்தது. பிறகு தங்கையின் முதுகில் வந்து நின்றது. தங்கை திரும்பிப் பார்க்கவில்லை; அடுத்த அடியைத் தொடங்கினாள்.

முடிந்ததும் அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துச் சொன்னாள்:

"மக வந்துட்டா. தூக்குங்கப்பா."