பயந்தாங்கொள்ளி ரோபோவைச் செய்தவர்

தண்டையார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எங்கள் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். "ரோபோ கெடச்சிடுச்சு, பெரிசா சேதமில்ல" என்றார். அதற்குப் பிறகுதான், எட்வின் அண்ணன் தண்ணீருக்குள்ளேயே இறந்துவிட்டதைச் சொன்னார். எதை முதலில் சொன்னார் என்பதை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

எட்வின் அண்ணன் காசிமேட்டுக்காரர். இன்ஜினீயரிங் படித்தவர், டைவராகவும் பயிற்சி எடுத்தவர். காலடிப்பேட்டை ஷெட்டில் அவர் வரைந்து கொடுப்பதை நான் பொருத்துவேன். கடலுக்கடியில் ஆள் ஓட்டாமல், கயிறில்லாமல், தானே வழி பார்த்துப் போய்வரும் ரோபோக்கள்தான் எங்கள் பிழைப்பு. நிஜக் கடல் கலங்கலாகத்தானே இருக்கும் என்று, சோதனைத் தொட்டியில் சுத்தமான தண்ணீர் விட அவர் சம்மதிக்கவே மாட்டார். விசைப்படகுகளின் அடியில் சுரண்டிய சிப்பியையும் சேற்றையும் சாக்கில் கொண்டுவந்து கொட்டுவார். நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்பார், மறுநாளும் கொட்டுவார்.

கடைசியாகச் செய்தது, எண்ணூர் பக்கம் ஓர் ஆலைக்குக் கடல்நீர் போகும் சுரங்கத்தைச் சோதிக்கும் ரோபோ. அதுவரை அதற்குள் டைவர்களைத்தான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ரோபோ உள்ளே போகும்போது நீரோட்டம் தள்ளிவிடும். திரும்பும்போது எதிர்த்து வர வேண்டும். அதனால் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே திரும்பிவிடும்படி அமைத்திருந்தார். பார்க்க வந்த ஆலைக்காரர்கள், இது என்ன பயந்தாங்கொள்ளி, போன வேகத்தில் திரும்பிவிடுகிறதே என்று கேலி செய்தார்கள்.

"பயப்படட்டும் சார். பயப்படுறதுதான் வூடு வந்து சேரும்" என்றார் அண்ணன்.

எங்கள் முதலாளிக்கு அந்தக் கேலி உறைத்துவிட்டது. அண்ணன் எவ்வளவோ மன்றாடியும் கேட்காமல், பேட்டரி பாதியாகும்வரை போகட்டும் என்று மாற்றவைத்தார். ரோபோ போயிற்று, திரும்பவில்லை. உடனே அதை எடுத்துவர காசிமேட்டில் டைவர் தேடினார்கள். ஆள் இறங்கக்கூடாது என்றுதானே ஐயா அதைச் செய்தோம்? வந்த டைவரைத் திருப்பி அனுப்பிவிட்டு அண்ணன் சொன்னாராம்: "நான் செஞ்ச மெஷினுக்கோசரம் இன்னொருத்தன் எறங்கறதா? வாணாம். நானே போறேன்." பம்பை நிறுத்தியதும் இறங்கினார். ரோபோவைக் கயிற்றில் கட்டி வெளியே அனுப்பினார். திரும்பும் வழியில் அவருடைய காற்றுக்குழாயைச் சுவரிலிருந்த சிப்பி அறுத்துவிட்டது.

ராயபுரத்தில் அடக்கம் முடிந்து, கம்பெனியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ரோபோவுக்கு எட்வின் என்றே பெயர் வைக்கப்போவதாக அறிவித்தார். சிலர் கைதட்டவும் செய்தார்கள், சீ! அண்ணனின் மனைவி ஸ்டெல்லா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அவரு பேர அதுக்கு வெக்காதீங்க. நாளைக்கு அது உள்ள மாட்டிக்கினா, எட்வினைத் தேட யார எறக்குவீங்க?"



அண்ணே, நிம்மதியாக உறங்குங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. யாருமே போகத் தேவையில்லாத இடத்துக்குப் போனீர்கள். என் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். கடலில் இறங்குகிறவரிடம் கரையில் நிற்பவர் சொல்லும் வார்த்தையைச் சொல்ல அன்று நான் அங்கே இல்லை. இனி சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தும் சொல்கிறேன்: போயிட்டு வாங்கண்ணே.